இன்னும் ஒரு அகப்பை

அத்தியாயம் 14

போன வாரம் ஏஸ்கோவை விமான நிலையத்தில், வாயடைத்துப் போய் நின்ற நிலையில் விட்டுவிட்டு வந்தோம். சம்பந்தியை வரவேற்க அவர் முறையாகக் கையை நீட்ட, ரோலானோ அந்தக் கையை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டார். பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்ற ஒரு மனிதரை நாலு பேர் பார்க்க இன்னொரு ஆண்பிள்ளை முத்தமிடுவது சின்ன விஷயமில்லை. ஏஸ்கோவை அவருடைய சொந்தத் தம்பி கட்டிப்பிடித்ததே ஒரே ஒரு முறைதான், அதுவும் அம்மாவின் அடக்கத்தன்று, ஒரு பக்கமாக.

முத்தத்தைக்கூட அவர் மறந்திருப்பார். அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

மகள் ரீக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. மாப்பிள்ளை பாஸ்தியானுக்குத் தெற்கு பிரான்சில் வேலை தயாராக இருக்கிறது. ரோலான் தன் வீட்டு மாடியைக் காலி செய்து, வெள்ளையடித்து, தொட்டில்வரை வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளை அங்கே பிறப்பதா, இங்கே பிறப்பதா என்று சின்னவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த நேரம் பார்த்து ரோலான் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்றால் அதை நம்ப ஏஸ்கோ என்ன பால்குடிப் பிள்ளையா? மனிதர் வந்திருப்பது மகளைக் கூட்டிக்கொண்டு போக.

ஆனால் விருந்தாளி விருந்தாளிதானே. காகித ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் ஏஸ்கோ. வீட்டுக்கு யார் வந்தாலும் முழு உடம்போடு திருப்பி அனுப்புவதைத் தன் கடமையாக நினைப்பவர். ரோலானுக்கு முதல் நாளே வகுப்பு எடுத்துவிட்டார். பாஸ்தியான்தான் மொழிபெயர்த்தான்.

"சுவரோரமா நடக்கக் கூடாது. கூரையில இருந்து பனிக்கட்டி விழும். மண்டை போயிடும்."

பாஸ்தியான் சொன்னான். ரோலான் தலையாட்டினார்.

"ஏரி மேல நடக்கறவங்களப் பாத்து இவரும் இறங்கிடப் போறாரு. மார்ச் மாசத்து ஐஸை நம்பக் கூடாதுன்னு சொல்லு. சாயங்காலம் வெளிய போனா கோட்டுல இந்த வில்லையத் தொங்கவிடணும், கார்க்காரனுக்கு மின்னித் தெரியும். அப்புறம் இது." ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது."

ரோலான் அந்த ஆணிப்பட்டையைத் தூக்கிப் பார்த்தார். மகனிடம் ஏதோ சொன்னார். பாஸ்தியான் சிரித்துவிட்டான்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல ஏஸ்கோ, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல இத கழுதைக்கு மாட்டுவோம்னு சொல்றாரு."

மாப்பிள்ளை ஃபின்னிஷ் நன்றாகவே பேசுவான். ஒரே குறை, மாமனாரை இன்னும் 'நீங்க' என்பான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரையே பேர் சொல்லி 'நீ' என்று கூப்பிடுகிற நாடு இது. "எங்கப்பாவ என்ன கோர்ட்டு ஜட்ஜுன்னு நெனச்சியா?" என்று ரீக்கா அவனைக் கேலி செய்வாள். ஏஸ்கோவுக்கோ அந்த 'நீங்க' உள்ளூரப் பிடித்திருந்தது.

அது கிடக்கட்டும். இன்றைய கதைக்கு வேண்டியது ஒரு வார்த்தை. ரோலானுக்குத் தெரிந்த ஒரே ஃபின்னிஷ் வார்த்தை.

கீட்டோஸ். நன்றி என்று அர்த்தம். விமானத்திலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தார். கதவு திறந்தால் கீட்டோஸ், தட்டு வைத்தால் கீட்டோஸ். ஏஸ்கோவின் மனைவி மார்யட்டா அதில் உருகியே போனாள். இரண்டாம் நாள் காலை, காபி குடித்து முடித்த கோப்பையைப் பார்த்து, "இன்னும் காபி?" என்றாள். ரோலான் புன்னகையோடு, "கீட்டோஸ்" என்றார். அவள் ஊற்றினாள். அவர் மரியாதையாகக் குடித்தார். மறுபடி கேட்டாள். "கீட்டோஸ்." மறுபடி ஊற்றினாள்.

"என்னமா காபி குடிக்கிறாரு மனுஷன்! இவருதான் நம்ம வீட்டுக்கு ஏத்த சம்பந்தி," என்றாள் மார்யட்டா.

எதிரே உட்கார்ந்திருந்த ஏஸ்கோ ஒன்றைக் கவனித்தார். அடுத்த முறை கூஜா வந்தபோது ரோலான் "கீட்டோஸ், கீட்டோஸ்" என்று சொல்லிக்கொண்டே கோப்பைமேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அப்போதுதான் ஏஸ்கோவுக்கு விளங்கியது. இந்த ஊரில், இன்னும் வேண்டுமா என்று கேட்டால் 'கீட்டோஸ்' என்பது 'ஊற்று' என்று பொருள். வேண்டாம் என்றால் முன்னால் ஒரு 'எய்' போட வேண்டும். மனிதரின் ஊரில் தலைகீழ் போலிருக்கிறது. அங்கே நன்றி என்றாலே போதும், வேண்டாம்.

அப்போதே மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து வீட்டை வசியம் செய்து வைத்திருக்கிற ஆள், வயிறு முட்டக் காபியைச் சுமந்துகொண்டு கழிப்பறைக்கு ஓடுவதைப் பார்ப்பதில் ஏஸ்கோவுக்கு ஒரு சின்ன சுகம். அற்ப சுகம்தான். யாருக்கும் கெடுதலில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இனி இன்றைய கதை.

காலையில் இருவரும் சந்தைக் கூடத்துக்குப் போனார்கள். பாஸ்தியானுக்கு வேலை, ஆகவே மொழிபெயர்க்க ஆளில்லை. ரோலான் வழக்கம்போல் தோல் ஷூவோடு கிளம்பினார். ஏஸ்கோ தன் ஷூவுக்கு ஆணிப்பட்டை மாட்டி, கோட்டில் வில்லையைத் தொங்கவிட்டு, ஒரு பாடப்புத்தகப் படம் போல நடந்தார். பாதையெல்லாம் கண்ணாடியாய் ஐஸ். இதோ விழுவார், அதோ விழுவார் என்று ஏஸ்கோ பக்கத்திலேயே கையை நீட்டியபடி போனார். ரோலான் நாட்டியக்காரர் மாதிரி சறுக்கிச் சறுக்கி, விழாமல் வந்து சேர்ந்தார்.

கூடத்துக்குள் தரை வழவழப்பான கல். ஆணிப்பட்டை ஐஸைத்தான் பிடிக்கும், கல்லில் வழுக்கும். கதவருகே கழற்றிவிட வேண்டும் என்று ஆலையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! சம்பந்தியின் ஷூவைப் பார்த்துக்கொண்டே வந்ததில் தன் ஷூவை மறந்துவிட்டார்.

ரத்த சாசேஜ் கடைக்கு முன்னால் இரண்டு காலும் காற்றில் போயின. நல்லவேளை, தலை தரையில் படவில்லை. ரோலான் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கிவிட்டார். தாங்கியது போதாதென்று நிமிர்த்தி நிறுத்தி, கோட்டைத் தட்டிவிட்டு, சரிந்த தொப்பியைச் சின்னப் பிள்ளைக்குப் போல எடுத்து வைத்தார்.

"என்ன ஏஸ்கோ, வயசாயிடுச்சா?" என்றாள் சாசேஜ் கடைக்காரி. "வெளியூர்க்காரரு கையப் பிடிச்சுக்கோ. பத்திரமா கூட்டிட்டுப் போவாரு."

வரிசையில் நின்றவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். இங்கே யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம். ரோலான் அந்தக் கறுப்பு சாசேஜை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்து, கடைக்காரியின் கையை எடுத்து முத்தமும் வைத்தார். ஏஸ்கோவுக்கு வயிறு எரிந்தது. சொந்த ஊரில், சொந்தச் சந்தையில், தான்தான் இன்றைக்கு விருந்தாளி போலாகிவிட்டோம் என்று மனம் கறுவிக்கொண்டே வீடு திரும்பினார்.

மத்தியானம் ரீக்கா போன் செய்தாள்.

"அப்பா, இன்னிக்கு பாஸ்தியானோட அப்பாவை சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போறியாமே?"

"ஆமா. அடுப்பு மூட்டியாச்சு."

"மேல் படியில உக்கார வெக்காத. அவரு பிரஷர் மாத்திரை சாப்பிடறாரு. கொஞ்ச நேரம் போதும். தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு."

"நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"இல்லப்பா. சும்மா சொன்னேன். உன் கூட இருக்கறப்போ எனக்கென்ன பயம்? நாங்க சாயங்காலம் வந்துடறோம்."

வைத்துவிட்டாள். ஏஸ்கோ போய் அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைத்தார்.

அவர் வீட்டு சவுனா, அதாவது ஆவிக்குளியல் அறை, தோட்டத்துக் கோடியில் இருக்கிறது. அவரே கட்டியது. உள்ளே ஒரு கல்லடுப்பு, அதற்கெதிரே படிபோல மேலும் கீழுமாய் இரண்டு மரப்பலகை. பலகையோரம் இருக்கும் வாளியிலிருந்து மர அகப்பையால் மொண்டு, கொதிக்கிற கல்லில் தண்ணீரை ஊற்றினால் ஆவி எழுந்து கூரையைத் தொட்டு முதுகில் இறங்கும். மேலே உட்கார்ந்தவனுக்குச் சூடு அதிகம். பின்லாந்தில் இதைக் கோயிலுக்குச் சமமாகச் சொல்வார்கள். உள்ளே சண்டை கிடையாது, பொய் கிடையாது, பதவி கிடையாது. துணியும் கிடையாது. ரோலான் மட்டும் துண்டோடு வந்தார்.

அவராகவே கீழ்ப்பலகையில்தான் உட்கார்ந்தார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவராகவே. ஏஸ்கோதான் மேலே இருந்தபடி தன் பக்கத்துப் பலகையைத் தட்டினார். புருவத்தை ஒரு மாதிரி உயர்த்தினார். வாய் சொல்லாததை அந்தப் புருவம் சொன்னது: ஆம்பளைக்கு இடம் இங்கே.

ரோலான் சிரித்துக்கொண்டு ஏறி வந்தார்.

ஏஸ்கோ ஓர் அகப்பை ஊற்றினார். கல் சீறியது. ரோலான் தோளைச் சுருக்கினார், ஆனால் பொறுத்துக்கொண்டார். பிறகு ஏஸ்கோ அகப்பையைக் காட்டி, "இன்னும்?" என்றார்.

"கீட்டோஸ்," என்றார் ரோலான்.

ஊற்றினார்.

ரோலானின் மார்பு சிவந்தது. கழுத்தில் ஒரு நரம்பு தனியாகத் துடித்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். அதை ஏஸ்கோ பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மூச்சைப் பார்த்தே ஆள் எந்த நிலையில் இருக்கிறான் என்று சொல்லக்கூடியவர் அவர்.

"இன்னும்?"

"கீட்டோஸ், கீட்டோஸ்," என்றார் ரோலான். சொல்லிக்கொண்டே உள்ளங்கையை வாளியின்மேல் வைத்து மூடினார்.

ஏஸ்கோ அந்தக் கையைப் பார்த்தார். காபிக் கோப்பைமேல் பார்த்த அதே கை. மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, சிரித்த முகத்தோடு அதை எடுத்து ஓரமாக வைத்தார். அகப்பை நிறைய மொண்டு ஊற்றினார்.

அந்த நிமிடம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? தொப்பியைத் தலையில் வைத்த கை, கடைக்காரியின் கைக்கு முத்தம் வைத்த வாய், மாடியில் வெள்ளையடித்த அறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஆவி எழுந்ததுபோல ஒரு சந்தோஷம். என் மகளைக் கூட்டிப் போக வந்தாயே, என் ஊர்ச் சூட்டை முதலில் தாங்கு, பார்க்கலாம்.

ரோலான் எழுந்தார். மன்னிக்கச் சொல்வதுபோல ஒரு புன்னகை செய்தார். கீழ்ப்பலகையில் ஒரு கால் வைத்தார். அடுத்த கால் வைக்கவில்லை. மரம் வெட்டுண்டு சாய்வதுபோலச் சாய்ந்தார். பலகையின் விளிம்பு அவர் புருவத்தில் மோதிய சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஏஸ்கோ செய்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அக்குளில் கைகொடுத்து வெளியறைக்கு இழுத்தார். காலைத் தூக்கி வைத்தார். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு போட்டார். நெற்றியில் துணியை வைத்து அழுத்திக்கொண்டே 112-க்குப் போன் செய்தார். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை தெளிவாகச் சொன்னார். "ரோலான், ரோலான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வந்த நாளிலிருந்து அவர் பெயரை ஏஸ்கோ ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். இதயம் தாளம் தப்பி அடித்திருக்கிறது, இப்போது பரவாயில்லை, இன்று இரவு கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார் இளம் டாக்டரம்மா. கோப்பில் எழுதிக்கொண்டே, "முதலுதவி பண்ணது யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் ஏஸ்கோவைப் பார்த்தார்கள்.

"கச்சிதமா பண்ணியிருக்க. நேரம் போயிருந்தா கதையே வேற."

பாஸ்தியான் ஓடி வந்து மாமனாரைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணீர் ஏஸ்கோவின் கழுத்தில் பட்டது. "நீங்க இல்லன்னா எங்கப்பா போயிருப்பாரு. நீங்க இல்லன்னா..."

ஏஸ்கோவின் கை அவன் முதுகுக்கு அருகில் காற்றில் நின்றது. தொட மனம் வரவில்லை. தொட்டால் பொய் இரட்டிப்பாகும் போலிருந்தது.

உள்ளே ரோலான் விழித்துக்கொண்டார். பாஸ்தியானும் ரீக்காவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வரும்போதே ரீக்கா, அழுகையும் சிரிப்புமாய், வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா! இங்க கேளேன். அவரு போதும் போதும்னு சொல்லியிருக்காரு. கீட்டோஸ், கீட்டோஸ்னு. பிரெஞ்சுல அப்படித்தான், நன்றின்னு சொன்னா வேணாம்னு அர்த்தம். அப்பா இன்னும் ஊத்துங்கறாருன்னு நெனச்சு ஊத்தியிருக்காரு!"

மார்யட்டா நெஞ்சில் கைவைத்தாள். "அட கடவுளே! அப்போ காபி?"

"காபியும்தான்! பாவம்மா, நீ ஊத்தி ஊத்தி..." ரீக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தாள். பயம் தீர்ந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பாஸ்தியானும் சிரித்தான். மார்யட்டாவும் சேர்ந்துகொண்டாள். "அப்பா, உனக்குத் தெரியாதில்ல, பிரெஞ்சுல அப்படின்னு?"

ஏஸ்கோ தரையைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

ஒரு சொல். அதைச் சொல்லி முடித்ததும் காது மடல் வரை சூடேறியது. சவுனாவில்கூட அப்படி ஏறியதில்லை. ஆலையில் அவர் வாயில் எப்போதும் ஒரு வாசகம் இருக்கும்: 'விபத்து தானா நடக்காது, யாராவது ஒருத்தனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.' அந்த ஒருத்தனைக் கண்டுபிடிக்க எத்தனை பேரை எதிரே உட்காரவைத்துக் குடைந்திருக்கிறார்! தலைகுனிந்து, 'எனக்குத் தெரியாது' என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களை அவர் நம்பியதே இல்லை.

இதில் ஒரு முள் தனியாகக் குத்தியது. வார்த்தைக் குழப்பத்தை ரோலான் சொல்லியிருக்கிறார். கையை எடுத்ததைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா? இல்லை, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாரா? மறந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் மனம் வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்டதற்கு அடுத்த கணமே வெட்கப்பட்டார். அடிபட்ட தலையில் நினைவு இல்லாமல் போகட்டும் என்று வேண்டுகிறவன் என்ன மனிதன்?

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மார்யட்டா கோட்டு மாட்டப் போனாள். பாஸ்தியான் கார் எடுக்கப் போனான். வாசல் கண்ணாடிக் கதவருகே அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். ரீக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தோம்."

"என்னம்மா?"

"நேத்து வரைக்கும் பிரான்சுக்குத்தான்னு முடிவு பண்ணியிருந்தோம். டிக்கெட்கூடப் பாத்தாச்சு." ஏஸ்கோவின் தோள் விறைத்ததை அவள் உணர்ந்திருக்க வேண்டும். தட்டிக்கொடுத்தாள். "கேளு முழுசா. இப்போ பாஸ்தியானே சொல்லிட்டான். பிள்ளை இங்கயே பொறக்கட்டும்னு. ஒரு ஆபத்துன்னா உன் மாதிரி ஆளு பக்கத்துல இருக்கணுமாம். அவங்கப்பாவும் சரின்னுட்டாரு. தொட்டிலை இங்க அனுப்பறேங்கறாரு."

கேட்டது கிடைத்துவிட்டது. இத்தனை வாரமாக மனதுக்குள் முட்டி மோதியது தட்டில் வைத்து வந்து நிற்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டிருப்பதில் அவர் கெட்டிக்காரர்தான்.

"சந்தோஷமா இல்லையாப்பா?"

"ரீக்கா."

"ம்?"

"எனக்குத் தெரியும்."

"எது?"

"கீட்டோஸ். அவர் வேணாம்னு சொல்றாருன்னு. காபி அன்னிக்கே தெரியும்."

அவள் தலையைத் தூக்கினாள். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது, வேடிக்கை என்று நினைத்திருந்தாள்.

"மேல உக்காரச் சொன்னதும் நான்தான். அவரு கீழதான் உக்காந்தாரு. கடைசித் தடவை வாளி மேல கையை வெச்சு மூடினாரு. நான் அந்தக் கையை எடுத்துட்டு ஊத்தினேன்."

"ஏன்?"

பதில் இருந்தது. சந்தைக் கூடத்தில் விழுந்தேன், உன்னைக் கூட்டிப் போய்விடுவார் என்று பயந்தேன். சொல்லிப் பார்த்தால் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று உதட்டுக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் பாதியை விழுங்க இனி உரிமையில்லை.

"அவர் தோத்துப் போறத நான் பாக்கணும்னு இருந்துச்சு."

ரீக்கா ஓரடி விலகி நின்றாள். கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"என் புருஷன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அவங்கப்பாகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க."

நீங்க.

பிறந்து வாய் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அவரை அப்படி அழைத்ததில்லை. இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் எந்த அப்பாவையும் அப்படி அழைப்பதில்லை. அறைந்திருந்தால்கூட ஏஸ்கோ தாங்கியிருப்பார்.

"எந்த மொழியிலம்மா சொல்ல?"

"தெரியல. ஆனா நான் கூட வர மாட்டேன்."

கதவு திறந்து மூடியது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. காருக்குள் அவள் பின்சீட்டில் ஏறி உட்காருவதும், பாஸ்தியான் திரும்பி ஏதோ கேட்பதும், அவள் தலையசைப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது. ஏஸ்கோ மாடிப்படி பக்கம் திரும்பினார். லிஃப்ட் இருந்தது. படியில் ஏறினார். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றிருந்தது.

ரோலான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டு. மார்பிலிருந்து கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. நாலு நாளில் இவ்வளவு வயதாகுமா ஒரு மனிதருக்கு என்று தோன்றியது. ஏஸ்கோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கட்டிலோரம் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

ஏஸ்கோ உட்காரவில்லை. பக்கத்து மேஜையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைக் கட்டில் விளிம்புக்கு இழுத்தார். ரோலானின் கையை எடுக்கத் துணிவில்லை, ஆகவே தன் இடது கையை விரித்து டம்ளரின்மேல் மூடினார். ரோலானைப் பார்த்தார். பிறகு வலது கையால் அந்த இடது கையின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக எடுத்து, ஓரமாக வைத்தார். ஊற்றுவதுபோலக் காட்டினார். கடைசியாகத் தன் நெற்றிப்பொட்டை விரலால் தொட்டார். தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

ரோலானின் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மறக்கவில்லை அந்த மனிதர். எல்லாம் தெரிந்துதான் அத்தனை பேர் முன்னால் வார்த்தைக் குழப்பம் என்று சொல்லி ஏஸ்கோவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அது புரிந்தபோது ஏஸ்கோவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை.

பிறகு ரோலான் பேச ஆரம்பித்தார். பிரெஞ்சில். குரலை உயர்த்தவில்லை. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல, நீளமாகப் பேசினார். மன்னிக்கிறாரா, சபிக்கிறாரா, நிபந்தனை போடுகிறாரா? ஏஸ்கோ உயிரைக் காதில் வைத்துக் கேட்டார். அந்தப் பேச்சு முழுவதிலும் அவருக்குப் பிடிபட்டது ஒரே சொல். ரீக்கா. அது இரண்டு முறை வந்தது.

கடைசி வாக்கியத்தின் முடிவில் ரோலானின் குரல் மேலே போய் நின்றது. கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருந்தார், கண்ணெடுக்காமல்.

என்ன கேட்டார் என்று தெரியாது. திருப்பிக் கேட்க மொழியில்லை. மொழி இருந்திருந்தாலும், எதையும் மறுக்கும் யோக்கியதை தனக்கு மிச்சமிருப்பதாக அவர் நினைக்கவில்லை.

ஏஸ்கோ தலையை ஆட்டினார். சரி என்று.

ரோலான் பெருமூச்சு விட்டு, மேஜைமேல் இருந்த போனை எடுத்து மகனுக்குப் போட்டார்.